பெயர் தேடும் தலைவர்: வான் ஹாமின் சித்திரக்கதை மாந்தர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சித்திரக்கதையைத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவருதல் தகுமா என வினவுவோர் இன்றும் உளர். மாணவன் பாடநூலின் உள்ளே மறைத்து வைத்துப் படிப்பது என்பதே அதுபற்றிப் பெரியோர் பலர் கொண்டுள்ள எண்ணம். நாவல் என்னும் இலக்கியவகையும் ஒருகாலத்தில் அவ்வாறே மறைத்துப் படிக்கப்பட்டது என்பதை அவர்கள் நினைவிற் கொள்வது நன்று. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யுடன் வெளிவரத் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் அதனோடு சேர்ந்தது. ஐரோப்பியச் சித்திரக்கதை மாந்தர் பலர் இவ்விரு வெளியீடுகளின் வழியே தமிழ் பேசத் தொடங்கினர். அவர்களுள் ஒரு கூட்டத்தார் ஒரே எழுத்தாளரின் மனத்தில் உதித்தவர்கள். அவ்வெழுத்தாளர் 1939இல் பிரசல்ஸ் நகரிற் பிறந்த பெல்ஜியரான ஷான் வான் ஹாம்.

வணிகத்துறைக் கல்வி கற்று, பெருநிறுவனப் பணியில் இருந்து, 1976இல் அதனைத் துறந்து முழுநேர எழுத்தாளரானவர் வான் ஹாம். அவர் படைத்த தலைமக்களுள் மூவர் தமிழ் வாசகர்க்கு நன்கு அறிமுகமானவர்கள். வைக்கிங்குகளிடையே வளர்ந்த தோர்கல் ஒருவன். பெருஞ்செல்வத்துக்கு உரியவனான லார்கோ வின்ச் இன்னொருவன். கழுத்தெலும்பின் அருகே பதின்மூன்று என்னும் உரோம எண் பச்சை குத்தப்பட்டு, தன் பெயரே அறியாது கரையொதுங்கியவன் மூன்றாமவன். தமிழில் 'இரத்தப் படலம்' என்னும் தொடரின் தலைவன் இவனே. இவனுக்கென உறுதியான பெயர் இன்மையால் இங்குப் பதின்மூன்றாமவன் என்றே குறிக்கப்படுவான். இம்மூவரையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகனுக்கு ஓர் ஐயம் எழுகிறது: இவர்கள் மூவரா, உடைமாற்றி வந்த ஒருவனா?

ஐயத்துக்கு விடை தேடுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இத்தகைய தலைவரை 'எதிர்நாயகர்' என்று வழங்குகின்றனர். 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியைத் தொகுத்தோர்க்கு இச்சொல்லின் தேவை நேர்ந்திராது. தண்டியலங்காரம் காப்பியத்துக்கு விதித்த இலக்கணப்படி தலைவன் தனக்கு நிகர் இல்லாதவன். அவனை எதிர்ப்பவன் பகைவன். இடைப்பட்ட ஒருவனுக்கு அங்கு இடமில்லை. இன்று எதிர்நாயகன் என்னும்போது பகைவனைக் குறிப்பதில்லை. தலைமைக்கு வேண்டிய சிறப்புகளை இழந்தோ, பெறாமலோ, கறைபடிந்தோ கதையின் நடுவே நிற்பவனையே அது குறிக்கிறது. அரசுத்தலைவனைக் கொன்றவன் என்று நாடே துரத்தும் பதின்மூன்றாமவனும், கடற்கொள்ளையனாகச் சில காலம் வாழ்ந்த தோர்கலும், துருக்கிச் சிறையிலிருந்து தப்பியோடிவரும் லார்கோவும் இவ்வகையினர் என்றே முதற் பார்வையிற் கொள்ளப்படுவர். முதற் பார்வை எவ்வளவு தூரம் மெய் என்பது பின்னர் ஆராயப்படும்.

ஒற்றுமைகள் கண்கூடு. தோர்கல் புயல்வீசிய கடலிற் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவன். அவனை எடுத்து வளர்த்தவன் லீஃப் என்னும் வைக்கிங் தலைவன். பிறப்போ விண்ணினின்று வந்த ஓர் இனத்தில். லார்கோ யூகோஸ்லாவியாவிற் பிறந்த அநாதை. நேரியோ வின்ச் என்னும் கோடீசுவரன் இரகசியமாகத் தத்தெடுத்தான். பதின்மூன்றாமவனைக் கரையிற் கண்டெடுத்தவர்கள் ஏழை முதியோர் இருவர். இறந்துபோன தம் மகனின் பெயரை அவர்கள் அவனுக்கு இட்டு அழைத்தனர். மூவரும் பெற்றோரை அறியார்; மூவரும் பிறர் இட்ட பெயரைச் சுமப்பவர். தொடக்கத்திலேயே மூவர்மீதும் கொலைக்கயிறு வீசப்படுகிறது. முதற்கதையிலேயே தோர்கல் பெருகிவரும் கடலில் மூழ்கிச் சாகும்படி கல்லிற் பிணிக்கப்படுகிறான். 1990இல் வெளியான முதல் நூலில் லார்கோ தான் செய்யாத கொலைக்காக இஸ்தான்புல் சிறையில் அடைபடுகிறான். 1984இல் வெளியான முதல் நூலிற் பதின்மூன்றாமவன் வில்லியம் ஷெரிடன் என்னும் அரசுத்தலைவனைச் சுட்டவனாகக் குற்றஞ்சாட்டப்படுகிறான்.

இம்மட்டோடு நின்றாலும் தற்செயல் எனலாம். 2004இல் வான் ஹாம் ஒரு பெண்ணைத் தலைவியாக்கி 'லேடி எஸ்' என்னும் தொடரைத் தொடங்கினார். எஸ்தோனியாவிற் பெற்றோரை இழந்து, திருடியாக அலைந்து, அமெரிக்க அரசதந்திரி ஒருவரின் வளர்ப்பு மகளாகி, புதுப்பெயர் பூண்டு உயர்குடியில் வாழ்பவள் அவள். லார்கோவுக்குச் சேலை உடுத்தியதுபோலும்! 2001இல் அவர் படைத்த முதிய கூலிப்படையாளன் ஒருவனுக்கு வேய்ன் ஷெல்டன் என்று பெயர். இந்த ஷெல்டன் என்னும் குடிப்பெயரோ, 'இரத்தப் படல'த்தின் முதற் பாகத்திலே வங்கியிற் பணம் போட்டு வைத்திருந்த பொய்ப்பெயராகப் பதின்மூன்றாமவனுக்கு முன்னரே வந்துவிட்டது. பெயர்ப்பஞ்சம் எல்லா எழுத்தாளர்க்கும் நேர்வதே. எனினும், பெயரையே கதைப்பொருளாகக் கொண்ட ஒருவரிடம் அது சற்று வியப்பைத் தருகிறது.

இனி, ஒருவரைப்போல் ஒருவர் இருப்பது தன்னளவிற் குற்றமாகுமா? தமிழ் மரபு அறிந்தோர் உடனே ஆம் என்று கூறிவிட மாட்டார். அகத்திணையிலே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. நூற்றுக்கணக்கான அகப்பாடல்களிலே தலைவன் ஒருவனே. அவன் வருகிறான், காண்கிறான், பிரிகிறான், மீள்கிறான். அதனால் அப்பாடல்கள் ஒன்றுபோல் உள்ளன என்று எவரும் குறைகூறியதில்லை. நிலமும் பொழுதும் கருப்பொருளும் மாற, அதே மனிதனின் உள்ளம் வேறுவேறு நிறம் காட்டுகிறது. ஒருமை அங்கு வறுமையன்று, ஒழுங்கு.

இந்த நியாயத்தை வான் ஹாமுக்கு அப்படியே வழங்கிவிடுதல் எளிது. முறையோ எனின், அன்று. அகத்தலைவனுக்குப் பெயர் இல்லாமை அவன் எல்லோரும் ஆவதற்காக. வான் ஹாமின் தலைவர்களுக்கோ பெயர்கள் மிகுதி. பதின்மூன்றாமவன் ஆலன், ஷெல்டன், ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டானர், ஜேசன் ஃப்ளை, ஜேசன் மக்லேன், கெல்லி பிரையன் என்றெல்லாம் அழைக்கப்படுகிறான். ஒவ்வொரு பெயரும் ஒரு சட்டைபோல் அவன்மீது போடப்பட்டு அடுத்த பாகத்திற் கழற்றப்படுகிறது. தமிழில் லார்கோவின் கதை வெளிவந்தபோது அதற்கு 'என் பெயர் லார்கோ' என்று தலைப்பிட்டமை பொருத்தமே. பெயரைச் சொல்லி நிலைநாட்டவேண்டிய மனிதர்களின் கதைகளே இவை யாவும்.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. பெல்ஜிய நாட்டார் ஒருவர் அமெரிக்க அரசியலைக் களமாக்கி எழுதிய கதை யாழ்ப்பாண வாசகனை ஏன் இறுகப் பற்றவேண்டும்? விறுவிறுப்பு ஒரு காரணமே. வேறொன்றும் உண்டு. 1995 ஒக்தோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மானிப்பாய் மக்களும் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ், குடும்பப்படம் என எத்தனையோ பின்னே தங்கிவிட்டன. தான் இன்னார் என்பதைச் சோதனைச் சாவடியில் அந்நியன் ஒருவனுக்கு நிறுவவேண்டிய நிலையைப் பல்லாண்டு அறிந்த சமுதாயம் இது. பிறர் பிள்ளையை எடுத்து வளர்த்த வீடுகளும், பிறர் வீட்டிற் பெயர் மாறி வளர்ந்த பிள்ளைகளும் இங்கு அரிதல்ல. ஒரு புகைப்படத்தையும் சாவி ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு தன்னைத் தேடிப் புறப்படும் மனிதனைப் பார்த்து, இஃது அமெரிக்கக் கதை என்று இவ்வாசகன் ஒதுங்கிவிட மாட்டான்.

ஆகவே வினா இவ்வாறு மாறுகிறது. தலைவர்கள் ஒரேமாதிரி இருக்கிறார்களா என்பதன்று. ஒரே வினாவுக்கு அவர்கள் வெவ்வேறு விடையாகிறார்களா என்பதே.

கம்பனிடத்தில் இதற்கு அளவுகோல் உண்டு. அண்ணன் தவறு செய்தான்; தம்பி என்செய்வது? இவ்வினா வீடணனுக்கும் கும்பகருணனுக்கும் பொது. இருவரும் ஒரே வயிற்றிற் பிறந்தோர். இருவரும் இராவணன் செயல் அறமன்று என்று தெளிந்தோர். இருவரும் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னோர். ஒருவன் பிரிந்து போகிறான். மற்றவன் போர்க்களத்திலே தம்பி வந்து அழைத்தபோதும் மறுத்துச் சாகிறான். வினா ஒன்றாக இருந்தமையாலேதான் விடைகளின் வேறுபாடு நெஞ்சை அறுக்கிறது. இரு தம்பியரும் வேறுவேறு இடரில் அகப்பட்டிருப்பின் அவ்வேறுபாடு இவ்வளவு துலங்கியிராது.

இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு பதின்மூன்றாமவனையும் தோர்கலையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், மேலோட்டமாக ஒன்றெனத் தோன்றியவை வேறாகின்றன. பதின்மூன்றாமவன் நினைவிழந்தவன். அவன் யார் என்று உலகம் அவனுக்குச் சொல்கிறது: நீ கொலையாளி. சான்றும் காட்டுகிறது, முகமும் கொலையாளியின் முகமே. அவனோ உள்ளத்தின் அடியில் அதை ஏற்கவில்லை. தன் கைகள் துப்பாக்கியை இலாவகமாகக் கையாளுவதையும், எதிர்ப்பட்டவனைக் கணத்தில் வீழ்த்துவதையும் கண்டு அவனே அஞ்சுகிறான். கை அறிந்ததை நெஞ்சு அறியவில்லை. நெஞ்சு மறுப்பதைக் கை செய்துகாட்டுகிறது. 1980இல் வெளியான ராபர்ட் லட்லமின் நாவலொன்றிலும் கடலிலிருந்து மீட்கப்பட்ட நினைவிழந்த வீரன் வருகிறான். வான் ஹாம் அதிலிருந்தே தொடங்கினார். ஆயினும் அந்த அச்சத்தை முதல் ஐந்து பாகங்கள்வரை நீட்டி, வாசகனையும் அதிற் பங்காளியாக்கிய திறம் அவருடையது. வில்லியம் வான்சின் சித்திரம் இதற்கு அளித்த துணை பெரிது. கறுத்த நிழல்களின் நடுவே அவர் வரைந்த தலைவனின் முகம் எதையும் வெளிக்காட்டாத முகம். வாசகன் அதில் எதனை எழுதினும் பொருந்தும்.

தோர்கலுக்கு நேர்வது இதன் மறுதலை. 1993இல் வெளியான 'புலப்படாக் கோட்டை'க் கதையிலே, தன்னையும் தன் குடும்பத்தையும் ஓயாது துரத்தும் தெய்வங்களின் நினைவிலிருந்து தன் பெயர் அழிந்தாற் போதும் என்று அவன் விரும்புகிறான். பெயர் அழிகிறது, அதனோடு அவன் நினைவும் அழிகிறது. அருகிலிருந்த கிரிஸ் என்னும் கொடிய பெண் அவனை நோக்கி, நீ ஷைகன் என்னும் கொள்ளைத்தலைவன், நான் உன் மனைவி என்கிறாள். அவன் நம்புகிறான்; இரக்கமற்ற ஷைகனாகவே கடலில் உலவுகிறான். அடுத்த ஆண்டில் வந்த கதையில் அவன் உண்மை மனைவி ஆரீசியா, கொள்ளையனின் மனைவி என்று சொந்த ஊராரால் கன்னத்திற் சூடுபோடப்பட்டுத் துரத்தப்படுகிறாள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது சைவசித்தாந்தம் கற்ற வாசகனுக்கு ஒரு தொடர் நினைவுக்கு வராமற் போகாது. உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பர் மெய்கண்டார் வழிவந்தோர். அருகில் வைத்த பொருளின் நிறத்தைப் படிகம் கொள்வதுபோல் உயிர் தான் சார்ந்ததன் தன்மையைக் கொள்கிறது. சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்துக்கு அரசகுமாரன் உவமை அடிப்படை. வேடரிடையே வளர்ந்த இளவரசன் தன்னை வேடன் என்றே எண்ணி வாழ்கிறான். தந்தை வந்து நீ என் மகன் என்று உணர்த்தும்போது அன்றோ அவன் தன்னை அறிகிறான்! தோர்கல்-ஷைகன் கதை சார்ந்ததன் வண்ணமாகும் உயிரின் கதை. கிரிஸைச் சார்ந்தான், கொள்ளையனானான். பதின்மூன்றாமவன் கதையோ படிகம் நிறங்கொள்ள மறுக்கும் கதை. கொலையாளியின் முகமும் பெயரும் அவன்மேற் சாத்தப்பட்டும் அவன் அதுவாகவில்லை. ஐரோப்பிய எழுத்தாளர் சித்தாந்தம் கற்று எழுதினார் என்று கூறுவது நகைப்புக்கிடம். மனிதனின் குணம் நினைவைச் சார்ந்ததா, நினைவுக்கும் அப்பாற்பட்டதா என்னும் பழைய வினாவின் இரு கரைகளையும் அவர் தம் இரு தொடர்களிலே தொட்டிருக்கிறார் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

நளன் கதையும் ஒப்புநோக்கத்தக்கது. கார்க்கோடகன் தீண்டி உருமாறிய நளன், வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்னனிடம் தேரோட்டியும் சமைத்தும் வாழ்கிறான். அவன் தன்னை அறிவான். உலகம் அவனை அறியாது. பதின்மூன்றாமவனை உலகம் அறிந்ததாகச் சொல்கிறது. அவனோ தன்னை அறியான். நளனை அவன் சமைத்த உணவின் சுவையாலே தமயந்தி கண்டுகொண்டாள். பதின்மூன்றாமவனுக்கு அத்தகைய தமயந்தி இல்லை. மேஜர் ஜோன்ஸ் என்னும் வீரப்பெண் பலமுறை அவனைக் காக்கிறாள். ஆனால் அவனது பழைய வாழ்வுக்குச் சாட்சியாக அவளால் நிற்க முடியவில்லை.

இதுவரை வான் ஹாமின் சார்பிலே பேசியாயிற்று. எதிர்ப்பக்கமும் வலிமையானதே.

எதிர்நாயகன் என்று சொல்லப்பட்டானே, பதின்மூன்றாமவன் எதில் எதிர்நாயகன்? கதை நகரநகர அரசுத்தலைவனைச் சுட்டவன் ஸ்டீவ் ரோலண்ட் என்னும் வேறொருவன் என்று தெரியவருகிறது. அவன் இறந்துவிட்டான். சதிகாரரைக் கண்டுபிடிக்கும்பொருட்டு அவனுடைய முகத்தை அறுவைச் சிகிச்சையாற் பூண்டு அனுப்பப்பட்டவனே நம் தலைவன். அவன்மீது இருந்தது கறையன்று, கறைபோல் தீட்டிய சாயம். பின்வந்த பாகங்களிலும் இதுவே மீண்டும் நிகழ்கிறது. அயர்லாந்துப் போராளி ஒருவனாக அவன் இருந்திருக்கலாம் என்று ஓர் ஐயம் எழுப்பப்பட்டுப் பல பாகங்கள் நீடிக்கிறது. 2007இல் வெளிவந்த பதினெட்டாம் பாகம் அதனையும் துடைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இவன் குற்றவாளியோ என்று வாசகனை அச்சுறுத்தி, ஒவ்வொரு முறையும் இல்லை என்று ஆசிரியர் ஆறுதல் கூறுகிறார். நினைவிழந்த மனிதன் உண்மையிலேயே அக்கொலையைச் செய்திருந்தால்? தன்னை நல்லவன் என்று உணரும் ஒருவன், தன் கை செய்ததை ஏற்றுக்கொள்ள வேண்டிவந்தால்? அந்தக் கதவருகே வாசகனை அழைத்துச் சென்று திரும்பிவிடுகிறார் வான் ஹாம். மூன்று தலைவர்களும் ஒருவரே என்னும் உணர்வு வாசகனுக்கு எழுவதன் மெய்க்காரணம் அநாதைப் பிறப்பன்று, இந்த மாசின்மையே.

லார்கோவிடம் இக்குறை முழுமையாகிறது. பத்துநூறு கோடி டொலருக்கு உரியவனானபின்னும் அவன் பணத்தால் மாறுவதில்லை. சூழ்ந்தோர் எல்லாம் பேராசையால் அழிகிறார்கள், அவன் மட்டும் காற்சட்டையும் தோற்சட்டையும் அணிந்த நாடோடியாகவே நிற்கிறான். பங்குச்சந்தையும் நிறுவனக் கைப்பற்றல்களும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை விளக்குவதில் வான் ஹாமின் பழைய வணிகப் படிப்பு நன்கு பயன்பட்டிருக்கிறது. அப்பக்கங்களைப் படிப்பது ஒரு பாடம் கேட்பதுபோல் பயன் தரும். ஆனால் தலைவன்? செல்வம் சார்ந்தும் செல்வத்தின் வண்ணம் ஆகாத படிகம். பதின்மூன்றாமவனிடம் போராட்டமாக இருந்தது இவனிடம் இயல்பாகிவிட்டது; போராடாமற் பெற்ற தூய்மையைக் கண்டு வாசகன் நெஞ்சு அசைவதில்லை. அவனுடைய சுவிஸ் நண்பன் சைமன் திருடன், பெண்பித்தன், வாயாடி; அவன் பேசும் பக்கங்களே உயிரோடு இருக்கின்றன.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தலைவர்களின் பேச்சுக் குமிழிகளிலிருந்து பெயர்களை அழித்துவிட்டு, இது யார் கூற்று என்று கேட்டால் விடை காண்பது கடினம். மூவரும் சுருங்கப் பேசுவர். மூவரும் பிறருக்காகத் தம்மை அபாயத்தில் இடுவர். மூவரும் கள்ளும் சூதும் பெரிதாக அறியார். தமிழாக்கத்தின் ஒரே நடை இதிற் சிறிது பங்கு பெறுகிறது என்பதும் உண்மை. வைக்கிங்கும் நியூயோர்க் கோடீசுவரனும் தமிழில் ஒரே குரலிற் பேசுகின்றனர்.

இதே சோதனையைக் கேப்டன் டைகரிடம் செய்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஷான் மிஷெல் ஷார்லியே எழுத, ஷான் ஷிரோ வரைய, 1963இற் பிரான்சிற் பிறந்த இக்குதிரைப்படை அதிகாரி தமிழ் வாசகர்க்கு 'தங்கக் கல்லறை', 'மின்னும் மரணம்' ஆகியவற்றால் நெருங்கியவன். உடைந்த மூக்கு, சவரஞ்செய்யாத முகம், சீட்டாட்டம், குடி, மேலதிகாரியை மதியாமை. இவனும் செய்யாத குற்றத்துக்காகத் துரத்தப்படுபவனே. இவனும் கூட்டுப்படையின் புதையலைத் திருடியவன் என்றும் அரசுத்தலைவரைக் கொல்ல முயன்றவன் என்றும் பழி சுமக்கிறான். ஆக, வழக்கு ஒன்றே. ஆயினும் டைகரை வேறெவனோடும் எவரும் மயங்குவதில்லை. பிறப்பாலும் பழியாலும் அவன் வேறுபடவில்லை. நாளாந்த ஒழுக்கத்தால் வேறுபடுகிறான். சீட்டாட்ட மேசையில் ஏமாற்றுபவனைக் கண்டால் அவன் என்செய்வான் என்பது வாசகனுக்குத் தெரியும். லார்கோ என்செய்வான் என்பது தெரியும் என்றாலும், பதின்மூன்றாமவனும் அதையே செய்வான் என்பதும் உடன் தெரிந்துவிடுகிறது.

இக்குற்றச்சாட்டிலிருந்து தோர்கல் மட்டும் ஓரளவு தப்புகிறான். ஷைகன் செய்த கொள்ளை மெய்யான கொள்ளை. அவன் கப்பல்கள் எரித்த ஊர்கள் எரிந்தனவே. ஆசிரியர் அவனைக் கொடுமையிற் சுவை காணாதவனாகத் தீட்டியிருப்பினும், மறந்து செய்தாலும் செய்தது செய்ததே. ஆரீசியாவின் கன்னத்துத் தழும்பை நினைவு மீண்டமை அழித்துவிடவில்லை. 1997இல் வெளியான 'கூண்டு' என்னும் கதையில், பெயரையும் நினைவையும் மீண்டும் பெற்று வீடு திரும்பிய கணவனை அவள் ஓடிவந்து தழுவவில்லை, கூண்டில் அடைக்கிறாள். இத்தொடரிலே ஆயிரம் அற்புதங்கள் உண்டு. தெய்வங்கள், அரக்கர், காலங்கடக்கும் வழிகள் எல்லாம் வருகின்றன. அவற்றுள் ஒன்றும் இந்தக் கூண்டுக்கு ஈடாகாது. நான் அறியாமற் செய்தேன் என்று கணவன் சொல்லலாம். மனைவி அதை நம்பவும் செய்யலாம். தழும்பு நம்பவேண்டும் அல்லவா! போலந்து ஓவியர் ரொசின்ஸ்கி அந்நூலில் வரைந்த ஆரீசியாவின் முகத்திலே வான் ஹாம் வேறெங்கும் எழுதாத நூறு பக்கங்கள் உள்ளன. கதையோ அவ்விடத்தில் நெடுநேரம் தங்கவில்லை. மன்னிப்பு விரைவில் வந்துவிடுகிறது. அடுத்த கதையில் குடும்பம் மீண்டும் பயணம் புறப்படுகிறது. தங்கியிருந்தால் சித்திரக்கதை வரலாற்றில் அதற்கு நிகரான நூல் அரிதாகியிருக்கும்.

உண்மையான எதிர்நாயகரை வான் ஹாமின் உலகிலே தேடுவோர் தலைவர்களை விட்டுக் கிரிஸை நோக்குவதே சரி. பொய், கொலை, வஞ்சம் அனைத்தும் அறிந்தே செய்தவள், தோர்கலை ஏமாற்றியவள், அவன்மீது கொண்ட ஆசையைக்கூடக் கொள்ளையாகவே அறிந்தவள். 2004இல் அவள் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த நூலில், தான் வெறுத்த ஆரீசியாவையும் பிள்ளைகளையும் தப்புவிக்கும்பொருட்டுத் தன்னைப் பலியிடுகிறாள். அவள் ஒருபோதும் குற்றமற்றவள் என்று நிறுவப்படவில்லை. நிறுவ ஆசிரியர் முயலவும் இல்லை. குற்றத்தோடு நின்றே பெருமை எய்தினாள். கும்பகருணனை நேசிக்கும் தமிழ் வாசகன் அவளை எளிதில் மறக்கமாட்டான். தலைவர்க்கு மறுத்த சுதந்திரத்தை வான் ஹாம் இப்பெண்ணுக்கு வழங்கியது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது. தொடரின் தலைவன் அடுத்த ஆண்டும் அட்டைப்படத்தில் தோன்றவேண்டியவன். தீராக் கறையைத் தலைவன்மேற் பூச எந்தப் பதிப்பகமும் விரும்பாது. துணைமாந்தர்க்கு அக்கட்டுப்பாடு இல்லை. 1977இலே 'தலைவர் இல்லாக் கதை' என்று ஒரு நூலையே அவர் எழுதியிருக்கிறார். விமானம் வீழ்ந்த காட்டில் உயிர்தப்பியோரின் கதை அது. அங்கு எவனுக்கும் அடுத்த பாகம் இல்லை. ஆகவே எவனும் எதுவும் ஆகலாம்.

தம் தலைவர்களை ஒவ்வொருவராக அவர் பிறர் கையில் ஒப்படைத்தார். தோர்கலை 2006இலும், பதின்மூன்றாமவனை 2007இலும், லார்கோவை 2015இலும் விட்டுப்பிரிந்தார். முதல் இருவரையும் ஈவ் செந்த் என்னும் ஒரே எழுத்தாளர் ஏற்றுத் தொடர்ந்தார். கண்டெடுத்தோரால் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் மீண்டும் ஒருமுறை வேறு வீட்டுக்குப் போயினர். தமிழில் 'இரத்தப் படலம்' 2010இல் ஒரே பெருந்தொகுதியாகவும் 2018இல் வண்ணத்திலும் வந்துள்ளது. படலம் என்னும் சொல்லைக் கம்பனிடமும் கச்சியப்பரிடமும் பயின்றவர்கள் நாம். கோயில் மண்டபத்திற் கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த ஊரில் அச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. அப்பெருந்தொகுதியைக் கையில் எடுக்கும் மாணவன் முதல் ஐந்து பாகங்களையும் ஒரே இருப்பிற் படித்து, பின்னர் சிறிது நிறுத்தி, கொலையைச் செய்தவன் உண்மையில் இவனே என்றிருந்தால் ஆறாம் பாகம் எவ்வாறு தொடங்கியிருக்கும் என்று தானே எண்ணிப்பார்த்தல் வேண்டும்.